பெரியப்பாவின் முட்டுக்கட்டை

அந்த வீட்டில் மூன்று பேர் குடியிருப்பதாகத்தான் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் சொல்வார்கள். லிப்ட்காரர், அவருடைய மனைவி, பெரியப்பா. முதல் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், அவ்வப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பெரியப்பாவுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கூடத்து மூலையில் சுவரோரம் சாய்ந்து நிற்பார். யாராவது தொட்டால் பேசுவார். கையை எடுத்தால் கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கிவிடுவார்.

பெரியப்பா என்பது ஒரு பழைய டபுள் பேஸ். வயலின் குடும்பத்தில் பிறந்ததுதான். ஆனால் வயலினைத் தோளில் வைத்துக்கொள்ளலாம். இதை நாம்தான் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். ஆளைவிட உயரம், அகன்ற வயிறு, அடித்தொண்டைக் குரல். மகள் பேச்சு வந்த வயதில் அதை அண்ணாந்து பார்த்து 'பெரியப்பா' என்றாள். லிப்ட்காரருக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும், தொலைபேசியில் அம்மாவையும் பெரியப்பாவையும் விசாரித்துவிட்டுத்தான் அப்பாவின் முறைக்கு வருவாள்.

வாசிக்கிறவர் அவர் மனைவி. பேஸ்காரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பழைய நாடக அரங்கில், மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அமர்ந்து வாசிக்கும் இசைக்குழுவில் நின்றுகொண்டே வாசிப்பவர் அவர் ஒருவர்தான். தூக்குகிறவர் லிப்ட்காரர். அவர்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. காலமெல்லாம் ஊராரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிய மனிதர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு பெரியப்பாவின் கழுத்தை இடது தோளில் சாய்த்து, வலது கையை அடிவயிற்றுக்குக் கொடுத்து, ஒவ்வொரு படியாக இறங்குவார். திருப்பம் வந்தால் "பாத்து, பாத்து" என்பார். தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா, அதற்குச் சொல்கிறாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

லிப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். மருத்துவமனை, வங்கி, துணிக்கடை என்று நகரத்தில் உயரமாக எது நின்றதோ அதன் உச்சியில் இருக்கும் இயந்திர அறை அவருக்குத் தன் வீட்டுச் சமையலறை மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி அவருக்கு இரண்டு சங்கதிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். எதை அசைப்பதற்கு முன்னாலும் கயிற்றிலிருந்து பளுவை இறக்கிவிட வேண்டும். கழற்றிய சாமானை எறியக் கூடாது. முதலாவதால் அவர் கை காலுக்குச் சேதமில்லாமல் ஓய்வுபெற்றார். இரண்டாவதால் வீட்டில் ஓர் அலமாரி நிறையத் தேய்ந்த பல்சக்கரங்களும் சுருள்வில்களும் சேர்ந்துபோயின. பேஸ்காரம்மா அந்த அலமாரியைத் திறந்தால் 'அம்மாடி' என்று சொல்லித் திரும்பவும் சாத்திவிடுவார்.

லிப்ட்காரருக்கு மேஸ்திரி சொல்லிக்கொடுக்காத ஒன்றும் கைவந்திருந்தது. பழுது எங்கே என்று அவர் காதால் தேடமாட்டார். சுவரில் உள்ளங்கையை வைப்பார். இல்லையென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு லிப்டுக்குள் வெறுங்காலோடு நிற்பார். ஒரு தடவை மேலே போய் இறங்கினால் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று காலே அவருக்குச் சொல்லிவிடும்.

அவருக்குக் கல்யாணம் ஆனதும் இந்தக் கையால்தான். நாடக அரங்கின் சரக்கு லிப்ட் ஒருநாள் பிற்பகலில் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்ணும் ஒரு பெரிய வாத்தியமும் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இளைஞராக இருந்த லிப்ட்காரர் ஓடிப்போய் உச்சியறைக்கு ஏறினார். மின்பெட்டியில் ஒரு தொடுப்பு பிடிக்காமல் இருந்தது, அவ்வளவுதான். மின்சாரத்தை நிறுத்தித் துடைத்துச் சரிசெய்து, மறுபடி மின்சாரம் கொடுத்துவிட்டு, லிப்டை இறக்குவதற்கு முன் வழக்கம்போல் எஃகுக் கயிற்றில் கையை வைத்தார். கயிறு பாடிக்கொண்டிருந்தது. கீழே இருட்டில் சும்மா நிற்கப் பிடிக்காமல் அந்தப் பெண் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். சத்தம் காதுக்கு வரவில்லை. கயிறு வழியாக ஏறி உள்ளங்கைக்குள் வந்தது. அங்கிருந்து முழங்கை, தோள், நெஞ்சு. ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் எண்ணெய்த் தூசி மிதந்துகொண்டிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தபிறகுதான் லிப்ட் இறங்கியது. கொஞ்சம் பெரிய பழுது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். பரவாயில்லை என்றாள் அவள்.

அது பழைய கதை. நான் சொல்ல வந்தது, அவர் ஓய்வுபெற்று, பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன கதை.

கோடையின் கடைசியில் பெரியப்பாவின் குரலோடு ஒரு கொசுவின் ரீங்காரமும் சேர்ந்து வரத் தொடங்கியது. பேஸ்காரம்மா விரல் முட்டியால் ஓரமெல்லாம் தட்டிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் தட்டும் சத்தம் வெளிறிப்போயிருந்தது. முன்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே ஒட்டு விட்டிருந்தது. ஒரு தாளை நுழைத்தால் நுழைந்தது. அரங்கில் புதிய நாடகம் தொடங்க இருந்த நேரம் அது. திரை விலகுமுன், விளக்கெல்லாம் அணைந்தபின், பேஸ் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு நீண்ட பகுதியோடுதான் அந்த நாடகமே ஆரம்பம். மற்ற வாத்தியங்கள் வாயைத் திறக்காது. தப்பு நேர்ந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லாத பகுதி.

இம்மாதிரி வாத்தியங்களைப் பழுது பார்க்கிறவரை எல்லோரும் பல்வைத்தியர் என்பார்கள். வாத்தியத்தின் முன்பலகையில் இருக்கும் வளைந்த துளை வழியாக, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் ஒரு கோணல் கம்பியையும் நுழைத்து, வாயைத் திறக்கச் சொன்ன நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பேரைக் கேட்டுவிட்டு நிஜமான பல்வலிக்காரர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததுண்டு. அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்.

பெரியப்பாவை அவரிடம் கொண்டுபோகவேண்டிய அன்று பேஸ்காரம்மா ஒத்திகைக்குப் போய்விட்டார். அரங்கில் எல்லோருக்கும் பொதுவான பேஸ் ஒன்று கிடந்தது. அதை வாசித்தால் அலமாரியைக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். லிப்ட்காரர் தனியாகப் பெரியப்பாவைக் கீழே இறக்கவேண்டும். ஒட்டு விட்ட உடம்பு. அதன் மேல் நான்கு தடித்த தந்திகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. எவ்வளவு இழுவை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இழுவைதானே அவர் பிழைப்பு. மேஸ்திரியின் குரல் காதில் ஒலித்தது. பெரியப்பாவைக் கட்டிலில் மல்லாத்திப் படுக்கவைத்து, முறுக்காணிகளைத் திருகி, நான்கு தந்திகளையும் நன்றாகத் தளர்த்தினார். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை சாய்ந்து விழுந்தது. அதை எடுத்துத் துண்டில் சுற்றினார். இனி பளு இல்லை என்று மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெரியப்பாவின் வயிற்றுக்குள் ஏதோ 'டொக்' என்று விழுந்து கடகடவென்று உருண்டது.

அவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பக்கம் சாய்த்தார், உருண்டது. மறுபக்கம் சாய்த்தார், திரும்பி உருண்டு வந்தது. ஒத்திகை முடிந்து பேஸ்காரம்மாவும் கடைக்கு வந்தபின் பல்வைத்தியர் கேட்டபோது, வழியில் விழுந்திருக்கும்போல என்று மட்டும் சொன்னார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

விழுந்தது முட்டுக்கட்டை. பேஸுக்குள்ளே முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே அது நிற்கும். கட்டைவிரலை விடக் கொஞ்சம் பருமன், ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தி மாற்றினால் அது பாட்டுக்கு நிற்கும். நான்கையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் பிடிப்பு விட்டுச் சாய்ந்துவிடும். வாத்தியக்காரர் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். லிப்ட் பழுது பார்க்கிறவர் மட்டுமே, அதுவும் பாசத்தால், செய்யக்கூடிய தப்பு.

பல்வைத்தியர் ஒட்டை முதலில் கவனித்தார். பழைய வஜ்ஜிரப் பசையை வெந்நீரில் இளக்கித் துடைத்து, புது வஜ்ஜிரத்தைக் காய்ச்சி மெல்லிய கத்தியால் இடுக்கில் செலுத்தி, ஓரமெல்லாம் மரப்பிடிகளைப் போட்டு இறுக்கினார். பெரியப்பா தலைமுடிக்குச் சுருள் போட்டுக்கொண்ட கிழவர் மாதிரி சில நாள் கிடந்தார். ஒட்டு காய்ந்தபின், முட்டுக்கட்டையை வெளியே எடுத்துப் பார்த்தால், அது குட்டையாக இருந்தது. நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தினால் ஆடியது. பல்வைத்தியர் புதுக் கட்டை ஒன்றை அளந்து சீவி, குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், எல்லோரும் நிறுத்தும் இடத்தில், கச்சிதமாக நிறுத்தினார். குதிரையின் காலையும் பலகையோடு பொருந்தச் சீவினார். தந்திகளைப் பூட்டினார்.

பேஸ்காரம்மா அந்தக் கடையின் சிமென்ட் தரையில் நின்று வாசித்தார். குரல் கணீரென்று தெருவரைக்கும் போனது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பேஸ்காரம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லி வில்லைத் துடைத்து வைத்தார். பல்வைத்தியர், கழற்றிய பழைய கட்டையை ஒரு தாளில் சுற்றி நீட்டினார். லிப்ட்காரர் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு வேலையும் கண்டுபிடித்தார். கூடத்து ஜன்னல் மேலே தூக்கித் திறக்கிற வகை. தூக்கியது நிற்காமல் இறங்கிவிடும். இந்தக் கட்டையை அடியில் நிறுத்தினால், அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. காற்று தாராளமாக வந்தது.

வீட்டில் அமைதியும் வந்தது. அந்தக் கூடத்துக்குப் பலகைத் தரை. பேஸ்காரம்மா வாசித்தால் தரை அதிரும். ஒரு குறிப்பிட்ட கீழ்ச்சுரத்தில் அலமாரியில் உள்ள தகர டப்பாவின் மூடி நடுங்கிக் கிணுகிணுக்கும். அதே சுரத்தில் கீழ்வீட்டுத் தையற்காரம்மாவின் கண்ணாடிப் பீரோவும் நடுங்குமாம். அந்த அம்மா கம்பை எடுத்துக் கூரையை இரண்டு தட்டு தட்டுவார். எத்தனையோ வருஷமாக நடக்கிற வழக்கம். இப்போது மூடி வாய் திறக்கவில்லை. கம்பும் எழவில்லை. தையற்காரம்மா படியில் லிப்ட்காரரைப் பார்த்து, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நல்ல வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஆனால் லிப்ட்காரர் இன்னொன்றையும் கவனித்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் தரை வழியாகப் பாதத்துக்கு ஒரு நடுக்கம் ஏறி வரும். அதில்தான் பிற்பகலில் அவருக்குக் கண் செருகும். இப்போது அது வரவில்லை. தூக்கமும் வரவில்லை. இதைச் சொல்லலாம் என்று பார்த்தால், பேஸ்காரம்மா வாசிப்பதையே குறைத்துவிட்டிருந்தார். வில்லைக் கையில் எடுப்பார், கொஞ்சம் இழுப்பார், பெரியப்பாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். ஜன்னல் வெளிச்சம் சுவரில் நகர்ந்துகொண்டே போகும்.

ஒரு மழை நாள் காலையில் பேஸ்காரம்மா வில்லைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தனிப் பகுதியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டு, அத்தோடு நின்றுகொள்ளப் போவதாகக் குழுத் தலைவரிடம் சொல்லப்போகிறேன் என்றார். லிப்ட்காரர் ஏன் என்று கேட்டார்.

"எனக்குக் காது கேக்கறதில்லைங்க."

"என்ன சொல்றே?"

"கொஞ்ச நாளாவே. பேசறது கேக்குது. அடிச்சுரம் மட்டும் காதுல பஞ்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு. உங்ககிட்ட சொன்னா நீங்க தூங்கமாட்டீங்கன்னு சொல்லலை." பேஸ்காரம்மா தன் இடுப்பின் பக்கம், பெரியப்பா எப்போதும் சாய்ந்திருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான் கேட்டுக்கிட்டிருந்தேன். வயித்துலயும் இடுப்புலயும். சுரம் சரியா விழுந்தா உள்ள ஒரு இடத்துல வந்து உக்காரும். தப்பா விழுந்தா உறுத்தும். இப்ப ஒண்ணும் வரலை. பெரியப்பா ஊரெல்லாம் கேக்கற மாதிரி பேசறார். என்கிட்டதான் பேசறதில்லை."

மழை ஜன்னல் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. லிப்ட்காரர் தலையைச் சொறிந்தார். கட்டிலில் மல்லாத்திப் படுக்கவைத்ததில் ஆரம்பித்து, திருப்பத்தில் கேட்ட சத்தம்வரை ஒன்று விடாமல் சொன்னார்.

பேஸ்காரம்மா பெரியப்பாவின் வயிற்றை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அவர் கோபத்தை லிப்ட்காரர் அறிவார். அது பாத்திரங்களை அடுக்குகிற சத்தத்தில் வரும். அன்று அது வரவில்லை.

"நாலையும் ஒண்ணாவா தளர்த்தினீங்க?"

"பளுவை இறக்கினேன்."

"பளுவை இறக்கினீங்களா." பேஸ்காரம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வைத்தியர்கிட்ட வழியில விழுந்துடுச்சுன்னு சொன்னப்பவே உங்க முகத்தைப் பாத்தேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அன்னைக்கே வரலை. பெரிய பழுதுன்னீங்களே, பாட்டு முடியறதுக்கு முன்னாடியே லிப்டுக்குள்ள விளக்கு வந்துடுச்சு."

லிப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீ பொத்தானை அமுக்கியிருக்கலாமே?"

"அமுக்கியிருக்கலாம்," என்றார் பேஸ்காரம்மா. பூட்டிய வில்பெட்டியை மறுபடி திறந்தார்.

மழை விட்டதும் இருவருமாகப் பல்வைத்தியரிடம் போனார்கள். லிப்ட்காரர் அங்கும் நடந்ததை நடந்தபடி சொன்னார். பேஸ்காரம்மா தன் காதைப் பற்றிச் சொன்னார். பல்வைத்தியர் இரண்டையும் கேட்டுவிட்டு, ஏதாவது ஒன்றை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்றார். சொல்லாவிட்டால் கட்டையை எல்லோருக்கும் நல்லதாக இருக்கிற இடத்தில்தான் வைக்கமுடியுமாம்.

"பழைய இடம் தெரியுமா?" என்று பேஸ்காரம்மா கேட்டார்.

"உள்ள பாத்தா கட்டை நின்ன தடம் அஞ்சாறு இருக்கும்மா. எவ்வளவு வயசான வாத்தியம், எத்தனை பேர் கையில இருந்திருக்கும். ஆளுக்கொரு இடத்துல குடி வச்சிருக்காங்க. உங்க காலத்துத் தடம் எதுன்னு அதுல எழுதியா இருக்கு?"

கடையிலேயே ஒவ்வொரு தடத்திலும் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். லிப்ட்காரர்தான் தயங்கித் தயங்கி, இங்கே சிமென்ட் தரை என்றார். வீட்டில் பலகை. சிமென்டில் நின்றால் எந்த லிப்டும் நல்ல லிப்டாகத்தான் தெரியும் என்று அவர் விளக்கியது பல்வைத்தியருக்குப் பாதி புரிந்தது. ஆனாலும் கண்ணாடியையும் கோணல் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் பிற்பகல் மூன்று மாடி ஏறி வந்தார். லிப்ட்காரர் வீட்டில் லிப்ட் இல்லையா என்று அவரும் கேட்டார். அவரும் சிரித்தார்.

அந்தப் பிற்பகலை நினைத்தால் ஒரு பெரிய மணிக்குள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும் என்று லிப்ட்காரர் பிறகு சொல்வதுண்டு. பேஸ்காரம்மா கூடத்தின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெரியப்பா அவர் இடுப்பில் சாய்ந்து நின்றார். பல்வைத்தியர் முழந்தாளிட்டு, தந்திகளை அளவோடு தளர்த்தி, துளைக்குள் விளக்கை விட்டு, கம்பியால் கட்டையை மயிரிழை மயிரிழையாகத் தட்டி நகர்த்தினார். தந்திகளை ஏற்றினார். பேஸ்காரம்மா வில்லை இழுத்தார். லிப்ட்காரர் தன் நாற்காலியில் வெறுங்காலைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லை," என்பார் பேஸ்காரம்மா. லிப்ட்காரரின் பாதமும் இல்லை என்றுதான் சொல்லும்.

மறுபடி தட்டல், மறுபடி ஏற்றம், மறுபடி ஒரு நீண்ட சுரம். வெளிச்சம் பெரியப்பாவின் வயிற்றின் மேல் தேன் மாதிரி மெல்ல ஊர்ந்தது. எந்தச் சுரம் எப்போது முடிந்தது, எப்போது அடுத்தது தொடங்கியது என்று சொல்லமுடியவில்லை. லிப்ட்காரருக்கு ஒரு கட்டத்தில் தாம் உட்கார்ந்திருப்பது கூடமா, உச்சியறையா என்றே மயங்கியது. கையில் கயிறு இருப்பதுபோல விரல்கள் மடங்கிக்கொண்டன. கயிறு மட்டும் பாடவில்லை.

தடங்கள் எல்லாம் தீர்ந்தன. பல்வைத்தியர் முதுகை நிமிர்த்தித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புதுக்கட்டை எங்கே வைத்தாலும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் நிற்கிறது என்றார். பலகை மூச்சு விட அது இடம் கொடுக்கவில்லை.

"பழைய கட்டை இருந்தா ஒரு வழி இருக்கு. உள்ள பலகை வளைவா இருக்குங்க. ஓரத்துக்குப் போகப் போக உயரம் கம்மி. அந்தக் குட்டைக் கட்டைக்குச் சரியான உயரம் ஒரே ஒரு இடத்துலதான் கிடைக்கும். நாம தேட வேண்டியதில்லை, அதுவே போய் நின்னுக்கும். ஆனா அன்னைக்கே சுத்திக் குடுத்துட்டேன், அதை யார் எறியாம வச்சிருப்பாங்க."

பேஸ்காரம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். லிப்ட்காரர் எழுந்தார். அலமாரிப் பக்கம் போகவில்லை. ஜன்னலுக்குப் போய், அதன் அடியிலிருந்து கட்டையை உருவினார். ஜன்னல் தடாலென்று விழுந்து மூடியது.

பல்வைத்தியர் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முனையில் மழை ஈரம் பட்டுக் கறுத்திருந்தது. நல்லவேளை, சாய்வாகச் சீவிய முனைகள் மழுங்கவில்லை.

"ஜன்னலுக்கா வச்சிருந்தீங்க?"

"சும்மா கிடந்தது."

பல்வைத்தியர் புதுக்கட்டையை வெளியே எடுத்துவிட்டுப் பழையதைக் கம்பியில் குத்தி உள்ளே இறக்கினார். வழக்கமான இடத்தில் அது ஆடியது. ஓரத்தை நோக்கி நகர்த்தினார், ஆடியது. இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில், இரண்டு தடங்களுக்கு நடுவே கண்ணில் படாமல் மங்கியிருந்த ஒரு தடத்தில், எந்தப் பல்வைத்தியரும் தானாகத் தேர்ந்தெடுக்காத ஓரிடத்தில், கட்டை லேசாகச் சாய்ந்தபடி நின்றது. முன்னொரு காலத்தில் யாரோ அவசரத்தில் நிறுத்திவிட்டுப் போனதாக இருக்கவேண்டும். அந்த அவசரத்தின் மேல்தான் பேஸ்காரம்மா தன் வாழ்நாள் வாசிப்பை எல்லாம் கட்டியிருந்தார். தந்திகள் ஏறின.

பேஸ்காரம்மா கண்ணை மூடினார். வில் தந்தியில் உட்கார்ந்து, நகர்ந்தது.

சத்தம் முன்னைவிடக் குறைவுதான். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் தரை விழித்துக்கொண்டது. லிப்ட்காரரின் குதிகாலில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது அது. அவர் பேஸ்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். 'இல்லை' என்ற சொல் வரவில்லை. வில் இன்னும் கீழே, இன்னும் கீழே என்று இறங்கி, அந்தச் சுரத்துக்கு வந்தது. அலமாரியில் டப்பாவின் மூடி முதலில் தயங்கியது. பிறகு கிணுகிணுவென்று நடுங்கத் தொடங்கியது. வில் நிற்கவில்லை. மூடியும் நிற்கவில்லை.

கீழேயிருந்து கம்பு எழுந்தது. டக், டக்.

பல்வைத்தியர் திடுக்கிட்டு, யார் அது என்று கேட்டார்.

"கீழ்வீட்டம்மா," என்றார் லிப்ட்காரர். "சரியா வந்துடுச்சுன்னு சொல்றாங்க."

பேஸ்காரம்மா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கன்னத்தைப் பெரியப்பாவின் கழுத்தோடு வைத்து, வில்லை மறுபடி அதே சுரத்தில் இழுத்தார். மறுபடி டக், டக். இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே. பேஸ்காரம்மாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று முன்னால் போய்ப் பார்க்க லிப்ட்காரருக்குத் துணிவு வரவில்லை.

நாடகம் தொடங்கிய மாலை, லிப்ட்காரர் பெரியப்பாவை அரங்கில் இறக்கிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். தந்திகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவர் இருக்கை முன்வரிசையின் ஓரத்தில் இருந்தது. பள்ளத்துக்கும் அதற்கும் ஒரே மரத்தரை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் இருமலை முடித்துக்கொண்டார்கள். லிப்ட்காரர் குனிந்து, யாருக்கும் தெரியாமல், செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

இருட்டில் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு, மற்றவர்களின் காதுக்கு எட்டுவதற்கு ஒரு கணம் முன்னதாக, அது அவர் காலுக்கு வந்தது.